பச்சை வயர் வளையல்

அன்று என் மணிக்கட்டில் இருந்த பச்சை வயர் வளையலைக் கழற்றியது யார்? நானா, என் அப்பாவா?

இத்தனை வருஷம் கழித்து ஒரு துண்டு வயரைப் பற்றிக் கேட்கிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து, இதை எழுத உட்கார்ந்து, இரண்டு முறை எழுந்து போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். ஆனால் அதை நான் கழற்றியிருந்தால் என் அப்பா ஒரு மாதிரியான மனிதர். அவர் கழற்றியிருந்தால் வேறு மாதிரியான மனிதர். இந்த வெள்ளிக்கிழமை என் மகள் அவரிடம் போகவேண்டும். அதனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம் பள்ளியில் என்னோடு படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்காட்டின் அந்தப் பனியில் ஒரே ஸ்வெட்டருக்குள் இரண்டு பேர் கை நுழைத்துக்கொண்டு நின்ற கூட்டம் நாம். நம் தையல் டீச்சரை உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அவர்தான் என் அம்மா. அந்தக் கோடை விடுமுறை முடிந்து ஆறாம் வகுப்புக்கு வந்த முதல் நாளே எனக்கு நீங்கள் 'கரண்ட்டு' என்று பெயர் வைத்தீர்கள். "கரண்ட்டு வருதுடி, தள்ளிக்கோங்க, தொட்டா செத்தோம்" என்று பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். டீச்சரின் கையை ஒடித்தவள் என்று என்னைத்தானே சொன்னார்கள். உங்களுக்கும் டீச்சரைப் பிடிக்கும். நான் பதிலுக்குச் சிரித்துவைத்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. அதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

என் அப்பா ஏரிப் பக்கம் இருந்த ஒரு பழைய ஓட்டலில் எலெக்ட்ரீசியன். அந்த ஓட்டலின் கூடத்து மூலையில் சாக்கு போட்டு மூடிய ஒரு பாட்டுப் பெட்டி கிடந்தது. பீரோ அகலம், என் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். முன்பக்கம் வளைந்த கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு எரியும் வண்ணத் தூண்கள், சுற்றிலும் பளபளவென்று குரோமியப் பட்டை. உள்ளே இசைத்தட்டுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் அழுத்தினால் அந்த வட்டம் சுழன்று நிற்கும், ஒரு இரும்புக் கை வந்து தட்டை எடுத்துப் படுக்கவைக்கும், பாட்டு வரும். அதாவது, வரவேண்டும். அது எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஜூக்பாக்ஸ் என்ற பெயரே எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அப்பாவுக்கு அது 'மிஷின்'.

சேலத்திலிருந்து புதிதாக வந்த மேனேஜர், மே மாத சீசனுக்குள் அது பாடவேண்டும் என்றார். அப்பா சரி என்றார். உள்ளே கைவிட என் கைதான் அளவாக இருக்கும் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, பொட்டப்புள்ளையக் கொண்டு போயி கரண்ட்டுகிட்ட உக்கார வெக்கறீங்களே."

"நான் பக்கத்துல இருக்கறன்ல? பலகை மேல உக்காந்திருக்குது. ரப்பர் செருப்பு போட்டிருக்குது. ஒண்ணும் ஆவாது உடு."

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பலகை, ரப்பர் செருப்பு. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அந்த ஏப்ரல் மாதத்தைப் போல சந்தோஷமான மாதம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மழை பெய்து காப்பிச் செடிகள் பூத்திருந்தன. ஜன்னல் வழியாக அந்த வாசனை வரும், உள்ளே மண்ணெண்ணெய் வாசனை, சூடேறிய ரேடியோ வால்வுகளில் தூசி கருகும் வாசனை. பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ஓட்டல் பில்லைக் கடித்து, திரைச்சீலையைக் கிழித்து, அழகாக மெத்தை போட்டிருந்தது. அதை எடுத்துப் போட்டபின், இரும்புக் கை பாதி வழியில் நின்றது. பழைய கிரீஸ் வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. முன்னால் யாரோ அதன் மேலேயே எண்ணெய் ஊற்றி எண்ணெய் ஊற்றி இன்னும் கெடுத்திருந்தார்கள். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு பல்சக்கரமாகத் தேய்த்தேன்.

"டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு கண்ணு. என்ற மூஞ்சிக்கில்ல, மிஷின் மூஞ்சிக்கு."

கை நகர்ந்தது. தட்டைப் பிடித்தது. ஊசி இறங்கியது. பாட்டு வந்தது. வந்த பாட்டைக் கேட்டு ஓட்டல் சமையற்காரர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

"பொணம் எந்திரிச்சுப் பாடற மாதிரியல்ல இருக்குது!"

மேனேஜரும் வந்தார். "ஏனுங்க எலெக்ட்ரீசியன், பாட்டு போடச் சொன்னா ஒப்பாரி வெக்கறீங்க?"

"அமெரிக்காக்காரன் மிஷினுங்க சார். அவங்கூரு கரண்ட்டுக்கு அளவெடுத்துச் செஞ்சது. நம்மூரு கரண்ட்டுல மோட்டார் மெதுவாத்தானுங்க சுத்தும்."

அப்பா சைக்கிள் கடையிலிருந்து மெல்லிய ரப்பர் வால்வு டியூப் வாங்கி வந்து மோட்டார் தண்டில் இறுக்கமாக மாட்டினார். தண்டு கொஞ்சம் தடித்தது, தட்டு வேகமாகச் சுற்றியது. பிணம் உயிர் பெற்று ஒரு பெண்ணாகி, கணீரென்று பாடியது. சமையற்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். அப்பா என்னைப் பலகையிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இதை நான் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தோளின் மேல் இருந்தபோது நானும் மிஷின் ரிப்பேர் செய்கிறவளாகத்தான் ஆவேன் என்று முடிவு செய்திருந்தேன்.

கடைசியாக மிஞ்சியது ஒரு இரைச்சல். ஓட்டல் சமையலறையில் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் பாட்டுக்குள் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல். அப்பா எதை எதையோ மாற்றிப் பார்த்தார், போகவில்லை. மறுநாள் பூஜை. மேனேஜர் வேறு வந்து வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். 'டக்' என்று கட்டிங் பிளேயர் சத்தம் கேட்டது. முனகல் நின்றது. எழுந்தபோது அவர் கையில் ஒரு பச்சை வயர்த் துண்டு இருந்தது. அதை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முனையை முறுக்கினார்.

"இந்தா, மிஷின் உனக்குப் போட்ட வளையலு."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் பூஜைக்குப் போனேன். தங்க வளையல் போட்டவள் மாதிரி கையை வீசிக்கொண்டு போனேன்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் ஓட்டலில் பூஜை என்றால் அம்மா மரியாதையாக நிற்பார். மிஷினுக்கென்று அவரே ஒரு வெல்வெட் உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார். காலையிலேயே கூடத்தைக் கழுவிவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். முந்தின நாள் மழையில் சுவரெல்லாம் ஈரம். சிமெண்ட் தரை காயவே இல்லை. பூஜை என்பதால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருந்தோம். சாதாரண நாளில் அந்தக் கூடத்தில் யாரும் வெறுங்காலோடு நடந்ததில்லை. அப்பா மட்டும் பெட்டிக்குப் பின்னால், பலகையின் மேல் நின்றார். சூடம் காட்டும்போது விளக்கெல்லாம் எரியவேண்டும் என்று மேனேஜர் சொன்னதால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா உறையை எடுத்து மடித்தார். கண்ணாடியில் வைத்த சந்தனம் வழிந்து குரோமியத்தில் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். கறைபடுமே என்று ஈரத் துணியால் துடைக்கப் போனார். ஒரு கையால் பட்டையைப் பிடித்தார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை, வேண்டவும் வேண்டாம். கை ஒட்டிக்கொண்டது. அப்பா பிளக்கைப் பிடுங்கினார். அம்மா பிடி விட்டு, பின்னாலிருந்த பெஞ்சின் முனையில் போய் விழுந்தார். முழங்கை உடைந்த சத்தம் தனியாகக் கேட்டது.

எல்லோரும் கத்தினார்கள். சூடத் தட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மேனேஜர்தான் முதலில் கேட்டார்.

"நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு? யாரு உள்ள கைய வெச்சது?"

அப்பா அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாப்பாதானுங்க காத்தால பாட்டுப் பேரு சீட்டு சொருகிட்டு இருந்துச்சு. வயர கியர இழுத்து உட்டிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. நான் அன்று காலை சீட்டு செருகினேன் என்பதும் உண்மை. ஆகவே நானும் நம்பினேன். ஏதோ வயரை என் விரல் இழுத்திருக்கும், எனக்குத் தெரியாமலே இழுத்திருக்கும் என்று நம்பினேன். எத்தனையோ நாள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

வளையல் போனது அந்தக் குழப்பத்தில்தான். எனக்கு இரண்டு நினைவுகள் இருக்கின்றன. ஒன்றில், ஓட்டல் ஜீப் வருவதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடிக்கிறார். "இத எதுக்குப் போட்டுட்டு வந்த, கழட்டு" என்று முறுக்கைப் பிரித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இன்னொன்றில், ஜீப் மலையிறங்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் தலை என் மடியில். வளைவில் திரும்பும்போதெல்லாம் வயர் முனை அவர் கன்னத்தில் குத்துகிறது. நானே கழற்றி ஜன்னல் வழியாக எறிகிறேன். இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டில் ஒன்று நான் பின்னால் தைத்துக்கொண்டது. எது என்று தெரியவில்லை.

அம்மாவின் கை அதற்குப்பின் நேராக நீளவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டமுடியவில்லை. வேறு டீச்சர் வந்தார். அம்மாவைப் பள்ளி ஸ்டோர் அறையில் போட்டார்கள். அவர் என்னை ஒரு நாளும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. கட்டுப் போட்ட கையோடு என் தலையைத் தடவி, "நீ தெரியாமப் பண்ணுனது சாமி. அம்மா ஒண்ணும் நெனச்சுக்குல" என்றார். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும், மடங்கின அந்தக் கையாலேயே என்னை அணைத்து, "பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார். சுற்றி நின்றவர்கள் கண் கலங்கினார்கள். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார்.

நான் அதன்பின் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் பல்ப் மாற்றக்கூட ஆள் வரவேண்டும். என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் பாருங்கள், நான் மலைக்குக் கீழே ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்புக்கு, பிளக்கில் மூன்றாவது கம்பி எதற்கு என்று படம் போட்டு நடத்துகிறேன். கருவியின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த் வயர், அதன் நிறம் பச்சை, அது இல்லாவிட்டால் நம் உடம்பே அந்தக் கம்பி ஆகிவிடும் என்று நானே, என் வாயாலேயே, பச்சை சாக்பீஸால் கோடு போட்டுச் சொல்கிறேன். ஒரு வருஷம்கூட என் மணிக்கட்டு ஞாபகம் வரவில்லை. குற்றவாளி என்று ஒரு பிள்ளையை நம்பவைத்துவிட்டால், அவள் படித்த படிப்புகூட அவளுக்காகப் பேசாது.

அந்த ஓட்டலை விற்றபோது பெட்டி கோடவுனுக்குப் போனது. இப்போது ஏற்காட்டிலேயே வெள்ளக்கடை பக்கம் புதிதாக ரிசார்ட் கட்டுகிறவர்கள் அதை வாங்கி, சரி செய்ய அப்பாவிடமே கொடுத்திருக்கிறார்கள். பழைய பொருளுக்கு இப்போது மவுசு. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் வைத்து அப்பா பிரித்துப் போட்டிருக்கிறார். போன வாரம் லீவு வந்ததால் என் மகளை ஏற்காட்டில் விட்டுவந்தேன். திரும்பக் கூட்டிவரும்போது பஸ்ஸில் பார்த்தேன். அவள் மணிக்கட்டில் பச்சை வயர். இரண்டு சுற்று. முனை முறுக்கியிருந்தது.

"இதென்ன?"

"தாத்தா செஞ்சு குடுத்தாரு. பாட்டுப் பெட்டி வயரு."

"எந்த வயர்?"

"அது சும்மா ஒரு வயராம், அம்மா. அதுதான் ம்ம்ம்னு சத்தம் போட வெக்குமாம். அத வெட்டினா நின்னுடும். வெட்டினதும் நின்னுடுச்சு!" அவள் முகம் மலர்ந்தது. "நான்தாம்மா வெட்டினேன். தாத்தா பிளேயரப் புடிச்சுக்கிட்டாரு, நான் அழுத்தினேன்."

'நான்தான் வெட்டினேன்' என்கிறாள். இந்த முறை பழி போட ஆள்கூடத் தேட வேண்டாம். தயாராக இருக்கிறாள். ஒன்பது வயது.

பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் மணிக்கட்டை என் மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வளைவில் விழாமலிருக்க என்று அவளிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன். மகள் காதில் விழக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அப்பா, அந்த மிஷின்ல எர்த்த வெட்டிட்டீங்களா?"

"பின்ன? அந்த இரைச்சலு எர்த்துலதான் வரும். நடுவுல யாரோ வயரு மாத்தியிருந்தாங்க, திரும்ப வெட்ட வேண்டியதாப் போச்சு."

"திரும்பன்னா? அன்னிக்கும் வெட்டினீங்களா?"

அப்பா இருமினார். அல்லது பேசாமல் இருந்துவிட்டு அதன்பின் இருமினார். அந்த நொடியை நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

"மொளகு காயப் போட்டிருக்கறன் கண்ணு. மானம் கருக்குது. அப்பறம் பேசறன்."

வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை.

அவர் சாதாரண ஆள் இல்லை. ஏற்காட்டில் எத்தனையோ வீட்டுக்கு எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடியவர். எர்த் எதற்கு என்று தெரியாமலா? ஆனால் அது ஹீட்டருக்கும் கிரைண்டருக்கும் என்று நினைத்திருக்கலாம். பாட்டுப் பெட்டி யாரைக் கொல்லப்போகிறது என்று நினைத்திருக்கலாம். தெரிந்திருந்தால் மறுபடியும் பேத்தி கையில் பிளேயரைக் கொடுப்பாரா? இல்லை, தெரிந்தும் மறந்துவிடுகிற அளவுக்கு அந்தப் பொய் அவருக்குப் பழகிவிட்டதா? நான் அவருக்காகவே வாதாடுகிறேன், கவனித்தீர்களா? சின்ன வயதிலிருந்து இதே வேலை.

வளையலைக் கழற்றிப் பைக்குள் ஒளித்தது அவர்தான் என்றால், அது எந்த வயர் என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் நான் தடுமாறவில்லை. அவருக்கு அன்றே தெரிந்திருந்தால், அவரிடம் என் மகளை அனுப்ப முடியாது. இன்றுவரை தெரியவில்லை என்றால், அனுப்பவே முடியாது.

ஆனால் அனுப்பாமல் இருக்கக் காரணம் சொல்லவேண்டுமே. வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்கு அரையாண்டு லீவு. காலையில் அம்மா போன் செய்தார்.

"புள்ளைய லீவு முச்சூடும் இங்கயே உடு கண்ணு. உங்கப்பாவுக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்ல. சின்னக் கை ஒண்ணு இருந்தா நொம்ப ஒத்தாசையா இருக்கும்ங்கறாரு."

"வேண்டாம்மா. கரண்ட்டு வேலை."

அம்மா சிரித்தார். "நீ பண்ணுன மாதிரி அவ பண்ண மாட்டா. நொம்பப் பொறுப்பு. நானும் கூடவே தொடச்சுக் கிடச்சுக் குடுத்துட்டு இருக்கறன்ல?"

அவர் துடைத்துக்கொடுக்கிறாராம். அதே மிஷினை. ஈரத் துணியால்.

"அத ஓட உட்டுட்டுத் தொடாதீங்கம்மா. செருப்புப் போட்டுக்கோங்க" என்று கத்திவிட்டேன். "ஏங்கண்ணு இப்பிடிப் பயப்படற? அன்னிக்கு நடந்ததுக்கு நான் உன்ன ஒரு வார்த்த சொல்லியிருக்கறனா?" என்றார் அம்மா. செய்யாத தப்புக்கு மறுபடியும் ஒரு மன்னிப்பு. நான் போனை வைத்துவிட்டுப் பாத்திரத்தையெல்லாம் சத்தம் வரக் கழுவினேன்.

நேற்று கடைக்குப் போய் மூன்று கம்பி வயரும் பெரிய பிளக்கும் வாங்கினேன். கடைக்காரர் "சார் வரலைங்களா?" என்றார். வரவில்லை என்றேன். அதை எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியும், இருபது முறையாவது போர்டில் வரைந்திருக்கிறேன். கைதான் இன்னும் போகவில்லை. பச்சை வளையலை மகள் தூங்கும்போது கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து தேடுகிறாள். "நீ கழட்டுனியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். ஒருத்திக்காவது அந்தப் பதில் தெரியட்டும்.

இனி நீங்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நான் மகளை வீட்டில் விட்டுவிட்டு, வாங்கிய மூன்று கம்பி வயரோடு தனியாக மலைக்குப் போய், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அப்பாவிடம் அந்த வளையல் கேள்வியைக் கேட்கலாமா? கேட்டால், தன் கை எதனால் மடங்கியது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் செய்தோம் என்றும் தெரிந்துவிடும். அந்த வயதில் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அல்லது ஏதாவது காய்ச்சல் என்று பொய் சொல்லி மகளை நிறுத்திக்கொண்டு, அம்மா அந்த மிஷினைத் துடைத்துக்கொண்டிருக்க விட்டுவிடலாமா?

வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். 'பாவம், வயசானவர்' என்று மட்டும் தொடங்காதீர்கள். என்னைக் கரண்ட்டு என்று கூப்பிட்டவர்கள் முதலில் எழுதுங்கள்.